நாலு மாடு கட்டியிருக்கும் வீட்டுக்கு எந்தத் தட்டு நறுக்கும் மெஷின்?

கோ-5 என்னும் நேப்பியர் ஒட்டுப்புல்லை நறுக்காமல் முழுசாகப் போட்ட தொட்டியில் மறுநாள் காலை என்ன கிடக்கிறது என்று பாருங்கள். தோகை எல்லாம் போயிருக்கும். கட்டைவிரல் தடிமனுக்குத் தண்டு மட்டும் எச்சில் பட்டு, மிதிபட்டு, பாதி சாணியோடு கிடக்கும். காய்ந்த சோளத் தண்டான சோளத்தட்டுக்கும் இதே கதிதான். மேல்பாதியை மாடு தின்றுவிடும், அடித்தட்டை இழுத்துக் கீழே போட்டுவிடும். தண்ணீர் பாய்ச்சி, உரம் வைத்து, அறுத்து, சுமந்து வந்த தீவனத்தில் ஒரு பங்கு நேராக எருக்குழிக்குப் போகிறது. தட்டு நறுக்கும் மெஷின் இந்த மிச்சத்தைக் குறைப்பதற்காக வாங்குகிற சாமான். நறுக்கினால் சத்து கூடாது, முற்றின தண்டு இளம்புல்லாகிவிடாது. தொட்டியில் மிஞ்சுவது குறையும், அவ்வளவுதான். அந்த அளவிலேயே நாலு மாட்டுக்காரருக்கு அது பெரிய லாபம்.

கறவையில் இருக்கும் கலப்பின மாடு ஒன்றுக்கு நாளைக்கு 25 கிலோ பசுந்தீவனம், 5 முதல் 6 கிலோ உலர்தீவனம் என்பது வழக்கமான கணக்கு. நாலு மாட்டுக்கு 100 கிலோ புல்லும் 20 கிலோவுக்கு மேல் தட்டும் ஆகிறது. இதை அரிவாளால் தினமும் நறுக்க ஒரு ஆளின் அரைநாள் போய்விடும். அதனால்தான் இந்த அளவு மாடு வைத்திருப்பவர்கள் 2 எச்.பி. சிங்கிள் பேஸ் மெஷினைத் தேடி வருகிறார்கள். கொங்குப் பக்கத்துக் கடைகளில் இந்தக் குதிரைத்திறனில் இரண்டு விதமான மெஷின் கிடைக்கிறது. கடைக்காரர் இரண்டையும் ஒரே பெயரில்தான் சொல்லுவார். வேலையில் இரண்டும் வேறு வேறு.

ஒன்று, மேலே புனல் வைத்த சின்ன மெஷின். புல்லை மேலேயிருந்து போட்டால், மோட்டார் வேகத்திலேயே சுழலும் கத்திகள் அடித்துத் துண்டாக்கி முன்னால் வீசும். எடை குறைவு, அடியில் சக்கரம் உண்டு, ஒரே ஆள் தள்ளிக்கொண்டு போகலாம். விலை சுமாராக 15 முதல் 22 ஆயிரம். இன்னொன்று, பெரிய இரும்புச் சக்கரத்தில் கத்தி பூட்டிய பழைய கைமெஷின் வடிவம், மோட்டாரும் பெல்ட்டும் சேர்த்தது. நீளமான தகரத் தொட்டியில் தட்டை வைத்தால் பல் வைத்த இரண்டு ரோலர்கள் கவ்வி இழுத்து, சக்கரத்துக் கத்திக்குச் சீராக ஊட்டும். நூறு கிலோவுக்குமேல் எடை, வைத்த இடத்தில்தான் இருக்கும். மோட்டாரோடு சுமாராக 28 முதல் 45 ஆயிரம் வரை போகும். ஊருக்கு ஊர், வார்ப்புக்கு வார்ப்பு விலை மாறும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். உங்கள் மாடு வருஷத்தில் மூன்று நாலு மாதம் சோளத்தட்டையோ வைக்கோலையோ நம்பியிருக்கிறது என்றால் ரோலர் வைத்த சக்கர மெஷினை வாங்குங்கள், அதிலும் ரிவர்ஸ் கியர் உள்ளதை மட்டும். வருஷம் முழுக்கத் தண்ணீர் இருந்து, 45 நாளுக்கு ஒருமுறை அறுக்கும் இளம் புல்லும் வேலிமசாலும் அகத்தியும்தான் தீவனம், மாடும் ஒன்றிரண்டுதான் என்றால் புனல் மெஷின் போதும். இரண்டுக்கும் நடுவில் தயங்குகிறவர்கள் பெரும்பாலும் பசும்புல்லை வைத்து மெஷின் பார்க்கிறார்கள். கடையிலும் பசும்புல்லைப் போட்டுத்தான் ஓட்டிக் காட்டுவார்கள். பசும்புல்லை எந்த மெஷினும் வெட்டும். மாசியில், தட்டை அடுக்கிவைத்த போரிலிருந்து உருவும் காய்ந்த தட்டுதான் மெஷினுக்குப் பரீட்சை. ஆகவே கடைக்குப் போகும்போது உங்கள் போரிலிருந்தே ஒரு கத்தை சோளத்தட்டைக் கட்டி எடுத்துக்கொண்டு போங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை, நல்ல கடைக்காரர் தானே வாங்கிப் போட்டுக் காட்டுவார்.

போட்டு வெட்டினபிறகு வந்து விழும் துண்டில் ஒரு கைப்பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்புங்கள். நல்ல மெஷினில் தட்டின் வெட்டுவாய் சீவியது போல் வழவழப்பாக இருக்கும், நடுவிலுள்ள வெள்ளைச் சோறு நசுங்காமல் தெரியும். பெரும்பாலான துண்டு ஒரே நீளத்தில், 2 முதல் 3 செ.மீ.க்குள் இருக்கும். கத்தி மழுங்கியோ இடைவெளி அதிகமாகவோ இருந்தால் வெட்டுவாய் பிய்ந்து, நார் நாராகத் தொங்கும். தோல் ஒரு பக்கம் அறுபடாமல் இரண்டு துண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே விழும். புனல் மெஷினில் காய்ந்த தட்டைப் போட்டால் இந்த இரண்டாவது விதம்தான் வருகிறது. நடுநடுவே ஒரு சாண் நீளத்துக்கு வெட்டாத துண்டும் வரும், ஓரத்தில் தூளும் சேரும். உள்ளே தட்டைப் பிடித்து நிறுத்த ரோலர் இல்லை, கத்தி போகிற போக்கில் அடித்துவிட்டுப் போகிறது. அதுதான் காரணம். மோட்டாரை 3 எச்.பி. ஆக்கினாலும் இந்தக் குறை தீராது.

துண்டு ரொம்பப் பொடியாக வருவதை நேர்த்தி என்று நினைக்க வேண்டாம். ஒரு செ.மீ.க்குக் கீழே போனால் மாடு மெல்லாமல் விழுங்கும், அசைபோடுவது குறையும், உமிழ்நீர் குறையும், வயிற்றில் புளிப்பு ஏறும், பாலில் கொழுப்பு இறங்கும். கொழுப்புக்கு விலை போடும் பால் சொசைட்டியில் ஊற்றுகிறவர்களுக்கு இது நேரடி நஷ்டம். சக்கர மெஷினில் துண்டின் நீளம் இரண்டு விஷயத்தைப் பொறுத்தது. ரோலர் எவ்வளவு வேகமாக ஊட்டுகிறது, ஒரு சுற்றுக்கு எத்தனை கத்தி வெட்டுகிறது என்பவை அவை. பல மெஷின்களில் பல்சக்கரத்தை மாற்றி இரண்டு நீளம் வைத்துக்கொள்ளலாம். நாலு கத்தி உள்ள சக்கரத்தில் எதிரெதிரே உள்ள இரண்டைக் கழற்றினால் நீளம் இரட்டிப்பாகும். ஒரு பக்கத்துக் கத்தியை மட்டும் கழற்றக் கூடாது, சக்கரம் எடை தப்பி ஆடும்.

அட்டையில் மணிக்கு 400 கிலோ, 500 கிலோ என்று போட்டிருப்பதில் பாதியைக் கணக்கில் வையுங்கள். அந்த எண் பசும்புல்லுக்கு, இடைவிடாமல் ஒருவர் எடுத்துக் கொடுக்க இன்னொருவர் ஊட்டும்போது வருவது. வீட்டில் ஒரே ஆள் கத்தையை அவிழ்த்து, உதறி, வைத்துத் தள்ளினால் 200 முதல் 250 கிலோ வரை ஓடும். நாலு மாட்டின் 100 கிலோ புல்லுக்கு அரைமணி நேரம். 2 எச்.பி. மோட்டார் முழுச் சுமையில் சுமார் 2 கிலோவாட் இழுக்கும், எப்போதும் முழுச் சுமையில் ஓடாது. அரைமணிக்கு முக்கால் யூனிட் என்று வைத்தால் இரண்டு மாத பில்லில் 45 யூனிட் கூடும். வீட்டு இணைப்பில் ஓட்டுகிறவர்கள் எந்தக் கட்டணப் படியில் ஏறுகிறோம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

மெஷின் சரியில்லை என்று வரும் புகாரில் ஒரு பெரிய பங்கு மெஷினைச் சேர்ந்ததே இல்லை, வயரைச் சேர்ந்தது. 2 எச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார் ஓடும்போது 10 ஆம்ப் அளவில் எடுக்கும். கிளம்பும் நொடியில் அதைப்போல் ஐந்து ஆறு மடங்கு. மீட்டர் பெட்டியிலிருந்து கட்டுத்தரைக்கு 30 மீட்டர் தூரம், 1.5 சதுர மி.மீ. செம்பு வயர் என்றால் கிளம்பும்போது வயரிலேயே 35 வோல்ட்டுக்கு மேல் போய்விடும். சாயங்காலம் லைனில் ஏற்கெனவே 190 வோல்ட்தான் இருக்கும். மிச்சமுள்ள வோல்ட்டேஜில் மோட்டார் உறுமும், சுற்றாது, கெப்பாசிட்டர் உப்பும், இன்னும் கொஞ்சம் பிடிவாதமாக ஓட்டினால் மோட்டாரின் கம்பிச் சுருள் கருகும். அதே தூரத்துக்கு 4 சதுர மி.மீ. வயர் போட்டால் இழப்பு சுமார் 15 வோல்ட்டில் அடங்கிவிடும். மெஷினுக்கு முப்பதாயிரம் கொடுத்தவர்கள் வயரில் ஆயிரம் இரண்டாயிரம் மிச்சம் பிடிப்பது வேண்டாம். வெறும் பிளக்கில் சொருகி ஓட்டாமல், சுமை மிஞ்சினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலே உள்ள ஸ்டார்ட்டர் வைத்துக்கொள்ளுங்கள்.

கூடவே, கரண்ட் கசிந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. கட்டாயம். கட்டுத்தரை எப்போதும் மூத்திரமும் தண்ணீருமாக ஈரம். நாலு காலும் ஈரத்தில் வெறுமையாக நிற்கும் மாட்டுக்கு, மனிதர் கைக்கு லேசாகச் சுருக்கென்று படும் கசிவே உயிரைக் குடித்துவிடும். மெஷினின் உடம்புக்குத் தனி எர்த் கம்பி ஓட வேண்டும், தொழுவத்தின் இரும்புக் குழாயில் சுற்றி வைப்பது எர்த் ஆகாது. அந்தக் குழாயில்தான் மாட்டைக் கட்டியிருப்போம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இனி ரோலரும் ரிவர்ஸும். இந்த மெஷினில் கை போன விபத்துகள் பெரும்பாலும் ஒரே மாதிரி நடக்கின்றன. தட்டு கொஞ்சம் சிக்கி நிற்கும், கையால் தள்ளிவிடலாம் என்று உள்ளே நீட்டுவார்கள், ரோலர் மறுபடியும் கவ்வும்போது தட்டோடு விரலும் போகும். ரோலருக்குக் கை எது தட்டு எது என்று தெரியாது, இழுக்க ஆரம்பித்தால் நிறுத்தாது. ரிவர்ஸ் லிவர் இருந்தால் சிக்கினதும் பின்னால் தள்ளி வெளியே எடுத்துவிடலாம், கை உள்ளே போக வேண்டிய காரணமே இல்லை. விலை குறைந்த மெஷின்களில் முன்னால், நியூட்ரல் என்று இரண்டு நிலை மட்டும் இருக்கும். இரண்டாயிரம் மூவாயிரம் குறைவு என்பதற்காக அதை வாங்கவே வாங்காதீர்கள். ஊட்டும் தொட்டி குறைந்தது 90 செ.மீ. நீளம் இருக்கட்டும், ரோலர் பக்கத்துப் பாதி மேலே தகரம் போட்டு மூடியிருக்கட்டும். அப்போது நின்ற இடத்திலிருந்து கையை நீட்டினாலும் ரோலரை எட்டாது. கடையில் இதைச் செய்து பார்த்துவிடுங்கள். மெஷினை அணைத்து வைத்து, உயரமான ஒருவரைத் தொட்டி முன்னால் நிறுத்திக் கையை உள்ளே விடச் சொல்லுங்கள். விரல்நுனி ரோலர் பல்லைத் தொட்டால் தொட்டியை நீட்டித் தரச் சொல்லுங்கள். பட்டறைக்காரருக்கு அது ஒரு மணி நேர வெல்டிங் வேலை.

ரிவர்ஸ் லிவரையும் சும்மா ஆட்டிப் பார்த்து விட்டுவிடக் கூடாது. கொண்டுபோன சோளத்தட்டை வேண்டுமென்றே இரண்டு பங்காகத் திணித்து, மெஷின் திணறும்போது லிவரைப் பின்னால் போடச் சொல்லுங்கள். ஒரு கையால், இழுபறி இல்லாமல் விழ வேண்டும். சுமை இல்லாதபோது வழுக்கிக்கொண்டு விழுந்து, சுமையில் பூட்டிக்கொள்ளும் லிவர்கள் உண்டு. கியர் பல்லின் ஓரம் சரியாகச் சீவாததால் வருவது அது. நிறுத்தும் பொத்தான் ஊட்டுகிறவர் கைக்கோ முழங்காலுக்கோ எட்டும் இடத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். மோட்டார் பக்கத்தில், சக்கரத்தைத் தாண்டிப் போய் அணைக்கும்படி இருந்தால் அவசரத்துக்கு உதவாது.

இந்த வேலையைப் பெரும்பாலான வீட்டில் பெண்கள்தான் செய்கிறார்கள். முந்தானையை இழுத்துச் சொருகிக்கொள்வது, கண்ணாடி வளையலைக் கழற்றி வைப்பது, பின்னலைக் கொண்டை போடுவது எல்லாம் மெஷினைத் தொடுவதற்கு முன் நடக்க வேண்டும். ஆண்களுக்குத் தோளில் தொங்கும் துண்டு அதே ஆபத்து. தொட்டி இடுப்பு உயரத்தில் இருந்தால் குனிய வேண்டாம், முதுகும் பிழைக்கும், தலைமுடியும் ரோலரிலிருந்து தள்ளி நிற்கும். பொதுவாக மெஷின் ஆண்களின் உயரத்துக்குத்தான் வருகிறது. கான்கிரீட் மேடை போடும்போது ஓட்டப்போகிறவரை நிற்கவைத்து அளந்து, மெஷின் தாழ்வாக வந்தால் மேடையை ஏற்றுங்கள், உயரமாக வந்தால் நிற்கும் இடத்தை ஒரு படி ஏற்றிக் கட்டுங்கள். குழந்தைகள் ஓடிவரும் வாசல் பக்கம் கத்திச் சக்கரம் திரும்பியிருக்கக் கூடாது. வேலை முடிந்ததும் சக்கரத்தைப் பூட்டும் ஆணியைப் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைகள் கையால் சுற்றி விளையாடுவார்கள். கரண்ட் இல்லாவிட்டாலும் கத்தி கத்திதான்.

ஓட்டும் முறையில் ஒன்றே ஒன்று. லிவர் நியூட்ரலில் இருக்கும்போது கிளப்புங்கள், சக்கரம் முழு வேகம் பிடித்தபிறகு ரோலரைச் சேருங்கள். தட்டு வாயில் இருக்கும்போதே சுவிட்சைப் போடுவதுதான் கெப்பாசிட்டரைத் தின்கிறது. அணைத்தபிறகும் சக்கரம் தன் கனத்தில் வெகுநேரம் சுற்றும், நின்றுவிட்டது என்று கண்ணால் பார்த்துவிட்டே மூடியைத் திறக்க வேண்டும்.

கத்தியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், மெஷினின் உயிர் அதில்தான் இருக்கிறது. பசும்புல் மட்டும் வெட்டினால் இரண்டு மூன்று வாரம் கூர் நிற்கும். காய்ந்த தட்டு ஓட ஆரம்பித்தால் வாரம் ஒருமுறை தீட்ட வேண்டிவரும். மண்ணோடு அறுத்த புல் என்றால் இரண்டே நாளில் மழுங்கும். கோ-5 புல்லைத் தரையை ஒட்டி அறுக்கும்போது தூரில் மண் ஒட்டிக்கொண்டு வருகிறது, அதை உதறிவிட்டு வைத்தாலே கத்தியின் ஆயுள் கூடும். தீட்டும்போது சாய்வாக உள்ள முகத்தை மட்டும் தீட்டுங்கள், தட்டையான முதுகைத் தொடாதீர்கள். சாய்வு 25 முதல் 30 டிகிரிக்குள் நிற்கட்டும். அதைவிடக் கூராக்கினால் முதல் கணுவிலேயே வாய் மடங்கும். கிரைண்டரில் தீட்டுகிறவர்கள் ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்துவிடுகிறார்கள். இரும்பில் நீலம் பாய்ந்துவிட்டால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது, இனி எத்தனை தடவை தீட்டினாலும் கூர் நிற்காது. இரண்டு இழுப்புக்கு ஒருமுறை தண்ணீரில் முக்கி எடுத்துத் தீட்டுவதுதான் வழி. ஒரு கத்தியில் எத்தனை இழுப்போ அத்தனையே மற்றக் கத்தியிலும். முடிந்தால் தராசில் இரண்டையும் வைத்துச் சமமா என்று பாருங்கள்.

பூட்டும்போது கத்திக்கும் அடியிலுள்ள நிலைத்தகட்டுக்கும் இடையே அரை முதல் ஒரு மி.மீ.க்குள் இடைவெளி விட வேண்டும். ஒரு மி.மீ.க்கு மேலே போனால் தட்டு வெட்டுப்படாமல் மடிந்து நுழையும், மோட்டார் திணறும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க செய்தித்தாள் ஒரு துண்டு போதும். கரண்ட் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, நீளமாகப் பிடித்த தாளை நிலைத்தகட்டின்மேல் வைத்து, இன்னொருவர் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றட்டும். தாள் கத்தரித்தாற்போல் விழுந்தால் சரி. மடிந்து உள்ளே போனால் சரிசெய்யும் போல்ட்டைக் கொஞ்சம் திருக வேண்டும். கத்தியின் இரண்டு முனையிலும் நடுவிலும் மூன்று இடத்தில் இப்படிப் பாருங்கள், ஒரு முனை மட்டும் தூக்கிக்கொண்டு இருப்பது சாதாரணமாக நடக்கிறது. கத்தியைப் பிடிக்கும் போல்ட் 8.8 என்று தலையில் எண் பொறித்த உயர் இழுவிசை போல்ட்டாக இருக்க வேண்டும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாதா போல்ட்டைப் போட்டு, அது அறுந்து, கத்தி பறந்தால் எதிரில் நிற்பவர் கதி என்ன ஆகும் என்று யோசியுங்கள். முதல் பத்து மணி நேர ஓட்டத்துக்குப்பின் எல்லா போல்ட்டையும் ஒருமுறை இறுக்குவது அவசியம், புது மெஷினில் பெயின்ட் அமுங்கி இளகும்.

வேலை முடிந்ததும் புல்சாற்றைத் துடைத்துவிடாவிட்டால் மறுநாள் கத்தியில் துரு பூத்திருக்கும். துடைத்தபின் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு போடலாம். வண்டியிலிருந்து வடித்த கழிவு ஆயில் வேண்டாம், அடுத்த வேளை முதல் கூடை தீவனத்தோடு அது மாட்டின் வயிற்றுக்குத்தான் போகும். சமையலில் மிஞ்சின கடலை எண்ணெய் போதும். பேரிங்குக்கு வாரம் ஒருமுறை கிரீஸ், கியர் பெட்டிக்கு 90 ஆம் எண் ஆயில். பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அமுக்கினால் ஒரு செ.மீ., ஒன்றரை செ.மீ. அமுங்கினால் சரியான இறுக்கம்.

வைக்கோல் கட்டோடு வரும் பிளாஸ்டிக் கயிறு ரோலரின் இரண்டு முனையிலும் சுற்றிக்கொண்டு, பேரிங் சீலை அறுத்து உள்ளே போகும். இரண்டு மூன்று மாதத்தில் ரோலர் கீச்சிட ஆரம்பித்தால் முதலில் அங்கே பாருங்கள். அதைவிட மோசம் கட்டுக்கம்பியும் ஆணியும். பொதுவாக மாடு வாயில் நீளமான கம்பி பட்டால் துப்ப வாய்ப்புண்டு. மெஷின் அதை ஒரு அங்குலத் துண்டாக்கிக் கூர்முனையோடு தீவனத்தில் கலந்து கொடுத்துவிடுகிறது. அது இரண்டாம் வயிற்றில் தங்கி, குத்தி, நெஞ்சறை வரை போகும். தீனி எடுக்காமல், முதுகைக் கூனிக்கொண்டு, முழங்கையை விரித்து நிற்கும் மாட்டில் மருத்துவர் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். மெஷின் வாங்கும்போதே ஸ்பீக்கர் காந்தம் இரண்டு மூன்று வாங்கி, துண்டு வந்து விழும் சரிவுத்தகட்டின் அடியில் ஒட்டிவிடுங்கள். வாரம் ஒருமுறை துடைத்தால் என்னென்ன வருகிறது என்று தெரியும். செலவு நூறு ரூபாய்க்குள்.

நறுக்கிப் போடுவதில் இன்னொரு பொறுப்பும் கூடுகிறது. முழுத் தட்டைப் போட்டால் பூஞ்சணம் பிடித்த அடிப்பகுதியை மாடே ஒதுக்கிவிடும். நறுக்கிக் கலந்துவிட்டால் அதற்கு ஒதுக்க வழியில்லை. போரின் அடியில், ஓரத்தில் கறுத்து முடைநாற்றம் அடிக்கும் தட்டை மெஷின் வரைக்கும் கொண்டுவரவே கூடாது. சோளத்திலும் அப்படித்தான். பூக்காத இளஞ்சோளம், வறட்சியில் வாடி நிற்கும் சோளம், அறுத்தபின் மழைக்குத் துளிர்த்த மறுதாம்பு ஆகிய மூன்றிலும் சயனைடு நஞ்சு இருக்கும். நறுக்கினால் அது போய்விடும் என்ற நம்பிக்கை ஊரில் உண்டு, அதை நம்பி மாடு போனவர்களும் உண்டு. பூத்தபிறகு அறுங்கள், சந்தேகமாக இருந்தால் நன்றாகக் காயவைத்துப் போடுங்கள். பசும்புல்லை அந்தந்த வேளைக்குத் தேவையான அளவு மட்டும் நறுக்குங்கள். காலையில் நறுக்கிக் குவித்ததைச் சாயங்காலம் கையைவிட்டுப் பார்த்தால் உள்ளே சூடேறியிருக்கும். அதை மாடு மோந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும்.

பசுந்தீவனத்தை நறுக்கிக் காற்றுப் புகாமல் அடைத்துப் புளிக்கவைக்கும் ஊறுகாய்ப்புல் போட இந்த மெஷின் ஆகுமா என்று கேட்பவர்களுக்கு: மூட்டையில் 40, 50 கிலோவாக அடைப்பவர்களுக்கு ஆகும். குழி நிறைய ஒரே நாளில் நாலைந்து டன் வெட்டி மிதிக்க நினைப்பவர்களுக்கு ஆகாது, மோட்டார் சூடேறி நிற்கும், குழி பாதியில் திறந்து கிடக்கும். அதற்கு டிராக்டரில் ஓடும் மெஷினை வாடகைக்குப் பிடிப்பதே மலிவு. மக்காச்சோளம் மாவுப் பருவத்தில் இருக்கும்போது 2 செ.மீ. அளவில் வெட்டி, ஒரு பிடியை இறுக்கிப் பிழிந்து பாருங்கள். உருண்டை உடையாமல் நின்று, சாறு சொட்டாமல் கை மட்டும் நனைந்தால் ஈரம் பதமாக இருக்கிறது.

காங்கேயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கம் கொரங்காடு என்னும் மேய்ச்சல் காடு வைத்திருப்பவர்கள் வேறு கணக்குப் போட வேண்டும். கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப்புல்லும், நிழலுக்கும் காய்க்கும் வெள்வேல மரமும் இருக்கும் காட்டில் மாடே தன் தீனியைத் தேர்ந்து மேய்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு எழும்பும் புல் காய்ந்து நின்றாலும் மாடு விரும்பித் தின்னும். காட்டைத் தடுத்து ஒரு பாகத்தில் மேயவிட்டு மற்றப் பாகத்தைத் தூரோடு தழையவிடும் வழக்கத்தைச் சரியாகக் கடைப்பிடிப்பவருக்கு மெஷினின் வேலை வருஷத்தில் கோடை மாதங்கள் மட்டும்தான், அதுவும் போர்த்தட்டுக்கு. அங்கே புனல் மெஷின் வாங்குவது முழு வீண், அது திணறுவதே காய்ந்த தட்டில்தான். நாலைந்து காங்கேய மாடு மட்டும் வைத்து மேய்ப்பவர்கள் கையால் சுற்றும் சக்கர மெஷினிலேயே காலம் தள்ளலாம். பிற்பாடு கலப்பின மாடு சேர்ந்தால் அதே சட்டத்தில் மோட்டாரும் பெல்ட்டும் பூட்டிக்கொள்ள முடியும். தயவுசெய்து மெஷின் வந்துவிட்டது என்பதற்காகக் கொரங்காட்டை உழுது கோ-5 நடாதீர்கள். அந்தப் புல் கேட்கும் தண்ணீர் அந்த மண்ணில் இல்லை.

பில் போடும் முன் மோட்டாரின் பெயர்த்தகட்டைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். குதிரைத்திறன், ஆம்ப், சுற்று, ஐ.எஸ்.ஐ. முத்திரை எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஸ்டிக்கர் மட்டும் ஒட்டியிருந்தால் கிளாம்ப் மீட்டர் வைத்து ஆம்ப் பார்க்கச் சொல்லுங்கள், 2 என்று எழுதி ஒன்றரையை வைத்திருப்பது அப்போது வெளியே வரும். வாரன்டி பெரும்பாலும் மோட்டாருக்கு மட்டும்தான். கத்தி, பெல்ட், கெப்பாசிட்டர், பேரிங் சேராது. பெல்ட் எண்ணும் பேரிங் எண்ணும் உங்கள் ஊர்க் கடையில் கிடைக்கும் சாதாரண அளவா என்று கேட்டு பில்லின் பின்னால் எழுதி வாங்குங்கள். கம்பெனியிலிருந்துதான் வரவேண்டும் என்று சொல்லும் தனி அளவு கத்தி என்றால் இரண்டு ஜோடி கூடுதலாக அன்றைக்கே எடுத்துவிடுவது நல்லது. கால்நடை பராமரிப்புத் துறை மின்சாரப் புல் நறுக்கும் கருவிக்கு 50 சதவீத மானியம் கொடுக்கும் திட்டத்தை அவ்வப்போது அறிவிக்கிறது. மாடும் தீவனப்பயிர் நிலமும் உங்கள் பெயரில் இருப்பதைக் காட்ட வேண்டியிருக்கும். கடைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேட்டுவிடுங்கள், வாங்கினபிறகு போய் நின்றால் தர மாட்டார்கள். மானியத்தில் வரும் மெஷினுக்கும் அதே சோளத்தட்டுக் கத்தையைப் போட்டுப் பார்த்தபிறகே கையெழுத்துப் போடுங்கள்.